கேஷ் வேறு, காசு வேறு: ஒரு சொல்லின் வேரைத் தேடுவது எப்படி?

சவுக்கார்பேட்டையில் எந்தக் கடையில் சாமான் எடுத்தாலும் கடைசியில் வருவது ஒரே கேள்விதான்: "கேஷா, ஜிபேவாண்ணா?" அந்த 'கேஷ்' நம்ம 'காசு'தான், கோட்டைக்கு வந்த வெள்ளைக்காரன் வாயில் அப்படித் திரிந்துவிட்டது என்று இந்தப் பக்கம் பலரும் அடித்துச் சொல்வார்கள். ஒலி பொருந்துகிறது. பொருளும் பொருந்துகிறது. ஆங்கிலேயர் கோட்டை கட்டிக் கடை விரித்த ஊரும் இதுவே. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்றுதான் தோன்றும்.

ஆனால் ரொக்கம் என்ற பொருளில் இன்று நாம் சொல்லும் கேஷ், லத்தீனிலிருந்து வந்தது. காசுக்கும் அதற்கும் உறவே கிடையாது. அதே நேரத்தில், காசிலிருந்தே பிறந்த இன்னொரு கேஷும் ஆங்கிலத்தில் உண்டு! இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், சொற்பிறப்பியல் என்ற துறை எப்படி வேலை செய்கிறது என்பது பாதி புரிந்துவிடும். லத்தீன் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழும், தினமும் வாயில் புழங்கும் ஆங்கிலச் சொற்களும் போதும்.

முதலில் ஆண்டைப் பாருங்கள்

வேரைத் தேடுகிறவர் எடுத்ததும் காதை நம்பக் கூடாது. அந்தச் சொல் எழுத்தில் முதன்முதலாக எப்போது வருகிறது, அப்போது அதற்கு என்ன பொருள் இருந்தது, இந்த இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கேஷ் ஆங்கிலத்தில் தலைகாட்டுவது 16ஆம் நூற்றாண்டின் இறுதியில். அப்போது அதற்குப் பணப்பெட்டி என்றும் பொருள், பெட்டியில் கிடக்கும் பணம் என்றும் பொருள். நாளடைவில் பெட்டி உதிர்ந்துபோய், பணம் மட்டும் நின்றது. தமிழில் இதே காரியத்தைக் கண் முன்னால் பார்க்கலாம். கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் பழைய மொத்தக் கடை ஏதாவது ஒன்றில் கல்லாப்பெட்டியைக் கவனித்திருப்பீர்கள்: சாய்வான மரமூடி, உள்ளே சில்லறைக்குக் குழிகுழியாக அறைகள், நோட்டுக்குத் தனி அறை, முன்புறம் பூட்டு. கல்லா என்பது அந்தப் பெட்டியின் பெயர். ஆனால் "இன்னிக்குக் கல்லா எவ்வளவு?" என்று முதலாளி கேட்டால், அவர் கேட்பது அன்றைக்கு விழுந்த பணத்தை. பெட்டியின் பெயர் பணத்துக்கு ஆகிவருகிறது. பள்ளியில் படித்த ஆகுபெயர்தான் இது. சொற்களின் பொருள் மாறும் வழிகளில் மிகச் சாதாரணமான வழி.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பிரெஞ்சு, இத்தாலியன் வழியாக வந்தது. இத்தாலியனில் 'காஸ்ஸா' என்றால் பெட்டி. இத்தாலியில் பணம் கட்டும் கவுன்டரில் இன்றும் காஸ்ஸா என்றே எழுதியிருப்பார்கள். லூக்கா பாச்சோலி என்ற கணித அறிஞர் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கி வெனிஸில் 1494இல் ஒரு நூலை அச்சிட்டார். அதில் ரொக்கக் கணக்கின் பெயர் காஸ்ஸா. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கியது 1498இல். அதாவது, போர்த்துக்கீசியர் காதில் 'காசு' விழுவதற்கு முன்பே இத்தாலிய வியாபாரி தன் பேரேட்டில் காஸ்ஸா எழுதிக்கொண்டிருந்தார். காசிலிருந்து கேஷ் வந்தது என்ற வாதம் இந்த ஓர் ஆண்டுக் கணக்கிலேயே அடிபட்டுப் போகிறது.

அப்படியானால் நம் காசு எங்கே போனது?

வீணாகப் போகவில்லை. சோழர் கல்வெட்டுகளிலேயே காசு புழங்குகிறது. 16ஆம் நூற்றாண்டில் சாந்தோமிலும் பழவேற்காட்டிலும் குடியேறிய போர்த்துக்கீசியர், இங்கே செப்புக்காசைக் கண்டதும் அந்தப் பெயரைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி 'காய்ஷா' ஆக்கிக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் ஏற்கெனவே பெட்டிக்கு அந்தப் பெயர்தான். தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லின் அச்சில் ஊற்றுவது எல்லா மொழிக்காரரும் செய்கிற வேலை. அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கியபோது அது 'கேஷ்' ஆயிற்று. பிறகு நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக்காசுக்கும் அதே பெயரை வைத்தார்கள்.

சென்னைக் கோட்டையின் கணக்குப் புத்தகங்கள் இந்தக் கேஷில்தான் ஓடின. 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818இல் ரூபாய் வரும்வரை இதுதான் கணக்கு. கம்பெனி சென்னைக்காக இங்கிலாந்திலேயே அச்சடித்த 1808ஆம் ஆண்டுச் செப்புக்காசு ஒன்றைப் பாருங்கள். ஒரு பக்கம் கம்பெனியின் முத்திரையும் ஆண்டும். மறுபக்கம் பாரசீக எழுத்து, அதற்குக் கீழே ரோமன் எண்ணில் பத்து, பக்கத்தில் கேஷ் என்ற ஆங்கிலச் சொல். அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் இந்தக் காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பி, 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோர மணல்திட்டில் மோதி மூழ்கியது. நம் தெருக்களுக்கு வரவேண்டிய காசு, கடலடியிலிருந்து 1980களில்தான் வெளியே வந்தது. அதில் பொறித்திருக்கும் கேஷ், அசல் தமிழ்க் காசு.

ஆகவே பெரிய ஆங்கில அகராதிகளில் கேஷ் இரண்டு தனித் தலைப்புகளாக இருக்கும். ஒன்று ரொக்கம், லத்தீன் வழி. மற்றது சிறு நாணயம், தமிழ் வழி. "காசுதான் கேஷ் ஆச்சு" என்கிறவர் முழுக்கத் தப்பு சொல்லவில்லை. வேறொரு கேஷைப் பற்றிச் சொல்கிறார்.

லத்தீன் பெட்டியும் அதன் பிள்ளைகளும்

காஸ்ஸாவுக்கு முந்தைய லத்தீன் வடிவம் 'கப்ஸா'. ரோமானியர்கள் சுருள் ஏடுகளைப் போட்டு வைத்த பெட்டி. லத்தீன் 'ப்ஸ' இத்தாலியனில் 'ஸ்ஸ' ஆவது ஒரு சொல்லுக்கு மட்டும் நடந்த விபத்து கிடையாது. லத்தீன் 'கிப்ஸும்', அதாவது நாம் ஜிப்சம் என்கிற பொருள், இத்தாலியனில் 'ஜெஸ்ஸோ'. இங்கேயும் அதே மாற்றம். ஒரு மாற்றத்தைக் கண்டால் அதே மாற்றம் வேறு எங்கே நடந்திருக்கிறது என்று தேட வேண்டும். கிடைத்தால் நம்பலாம்.

கப்ஸாவின் பிள்ளைகள் நம் வீட்டிலும் தெருவிலும் இருக்கிறார்கள். சிறு பெட்டி, கேப்சூல். பிரெஞ்சில் இன்னொரு சிறு பெட்டி, கேசட். வடசென்னையின் கானாப் பாட்டை ஊரெல்லாம் கொண்டுபோன அதே கேசட். சூட்கேஸில் இருக்கும் கேஸ். மணலிப் பக்கம் லாரி ஷெட்டில் சொல்லும் சேசிஸ்கூட இந்தக் குடும்பம்தான்: பெட்டி, பிறகு பெட்டிச் சட்டம், பிறகு வண்டியின் அடிச்சட்டம்.

கேஸ், சேசிஸ் இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள் என்றால் ஒன்று 'க'விலும் மற்றது 'ச'விலும் தொடங்குவது ஏன்? லத்தீன் 'க', பாரிஸ் பக்கத்துப் பிரெஞ்சில் 'ச' ஆனது. வடக்கே நார்மண்டிப் பக்கம் 'க' ஆகவே நின்றது. ஆங்கிலம் இரண்டு ஊரிலிருந்தும் கடன் வாங்கியது. இதற்கு எனக்கு மிகப் பிடித்த சான்று கிரிக்கெட்டில் இருக்கிறது. 'கேட்ச்' வடக்குப் பிரெஞ்சுக்காரர் கொடுத்தது, 'சேஸ்' பாரிஸ்காரர் கொடுத்தது. இரண்டுக்கும் மூலம் ஒரே லத்தீன் சொல், துரத்திப் பிடிப்பது. ஸ்கோரை சேஸ் பண்ணும்போது கேட்ச் கொடுத்து அவுட் ஆகிறவர், ஒரே சொல்லின் இரண்டு வடிவங்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறார்.

தங்கசாலைத் தெருவுக்குப் பெயர் தந்த 'மிண்ட்'டும் இப்படி ஒரு ஜோடியில் பாதி. ரோமில் யூனோ மொனேட்டா என்ற தேவியின் கோயிலை ஒட்டி நாணயம் அடித்தார்கள். அதனால் மொனேட்டா என்றாலே நாணயம் என்று ஆனது. ஆங்கிலேயரின் மூதாதையர் பிரிட்டனுக்குக் கப்பல் ஏறும் முன்பே, ரோமானியரோடு பழகிய காலத்தில், இதை வாய்வழியாக வாங்கினார்கள். அது தேய்ந்து தேய்ந்து 'மிண்ட்' ஆயிற்று. பிறகு 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அவர்கள் கொண்டுவந்த பிரெஞ்சு வழியாக அதே மொனேட்டா மறுபடி நுழைந்து 'மணி' ஆயிற்று. சமஸ்கிருத பக்ஷம் தமிழில் ஒருமுறை 'பக்கம்' என்றும் இன்னொருமுறை 'பட்சம்' என்றும் வந்தது போன்ற கதை. நன்னூலில் வடமொழி எழுத்து எது தமிழில் எதுவாகத் திரியும் என்று சூத்திரமே இருக்கிறது. ஒலி மாற்றத்துக்கு விதி உண்டு என்பது நமக்கு வெளியிலிருந்து வந்து யாரும் சொல்லித்தர வேண்டிய செய்தி இல்லை.

ஒரே ஒலி, வேறு வேர் என்பதற்கும் ஓர் உதாரணம் பார்த்துவிடலாம். ஐகோர்ட்டில் நடக்கும் கேஸ், சூட்கேஸின் கேஸ், சமையலறை கேஸ் மூன்றையும் தமிழில் ஒரே மாதிரி எழுதுகிறோம். கோர்ட் கேஸ், 'விழுதல்' என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது: வந்து விழுந்த நிகழ்ச்சி, பிறகு வழக்கு. சூட்கேஸ் கப்ஸா வழி. அடுப்புக் கேஸ், 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற வேதியியல் அறிஞர் கிரேக்க 'கேயாஸ்' என்ற சொல்லை வைத்து உண்டாக்கியது. மூன்றுக்கும் மூன்று ஊர்.

எழுத்தே இல்லாத காலத்துக்குப் போவது

கப்ஸாவுக்குப் பின்னால் 'கபெரே' என்ற லத்தீன் வினை நிற்கிறது. பற்று, எடு, பிடி என்று பொருள். கேப்சர், அக்செப்ட், ரிசீவ், சற்றுமுன் சொன்ன கேட்ச் எல்லாம் இதன் கிளைகள். எதையாவது பிடித்து வைத்துக்கொள்வது என்பதால் பெட்டிக்குக் கப்ஸா என்று பெயர்.

இதற்கும் முன்னால் போக ஏடு இல்லை, கல்வெட்டு இல்லை. அங்கே கைகொடுப்பது ஒலி ஒப்பீடு. இதைத் தமிழ்க்காரருக்கு விளக்குவது சுலபம், நம் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது. கன்னடம் பேசுகிறவர்கள் பாலை ஹாலு என்பார்கள். பல் ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி, பூ ஹூவு. நமக்கு 'ப' வரும் இடத்தில் அவர்களுக்கு 'ஹ' வருகிறது. ஒரு சொல்லில் வந்தால் தற்செயல் என்று தள்ளலாம். வரிசையாக வந்தால் இரண்டும் ஒரே வீட்டிலிருந்து பிரிந்தவை என்று அர்த்தம். பழைய கன்னடக் கல்வெட்டுகளில் 'ப'வே இருப்பதால், மாறியது கன்னடம்தான் என்றும் சொல்ல முடிகிறது.

லத்தீனுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையிலும் இப்படி ஒரு வரிசை உண்டு. லத்தீனில் 'க' வரும் இடத்தில் ஆங்கிலத்தில் 'ஹ': நூறு அங்கே கெண்டும், இங்கே ஹண்ட்ரட். கொம்பு அங்கே கோர்னு, இங்கே ஹார்ன். நாய் அங்கே கனிஸ், இங்கே ஹவுண்ட். லத்தீனில் 'ப' என்றால் ஆங்கிலத்தில் 'ஃப': அப்பா பாட்டர், ஃபாதர். மீன் பிஸ்கிஸ், ஃபிஷ். சொல்லின் நடுவில் வரும் 'ப' சில இடங்களில் இன்னும் இளகி 'வ' ஆகிவிடும். ஏழுக்கு லத்தீன் செப்டெம், சமஸ்கிருதம் சப்த, ஆங்கிலம் செவன். இந்த விதிகளை ஒழுங்குபடுத்தி 1822இல் எழுதியவர் யாக்கோப் கிரிம், சிண்ட்ரெல்லாக் கதையைத் தொகுத்த அண்ணன் தம்பிகளில் அண்ணன்.

இப்போது கபெரேவுக்கு இந்த விதியைப் போட்டுப் பாருங்கள். 'க' போய் 'ஹ', நடுவில் உள்ள 'ப' போய் 'வ'. கிடைப்பது 'ஹேவ்'. ஆங்கிலத்தில் வைத்திரு, கொண்டிரு என்பதற்குள்ள அதே ஹேவ். பற்றியதுதானே கையில் இருக்கும்? பொருளும் இசைகிறது. பெரும்பாலான அகராதிகள் ஹேவையும், தூக்கு என்ற பொருளுள்ள 'ஹீவ்'வையும் கபெரேவோடு சேர்த்து ஒரே வேரில் வைக்கின்றன. அந்த வேரை '*கப்' என்று எழுதுவார்கள். முன்னால் உள்ள உடுக்குறியைக் கவனிக்க வேண்டும். இது எங்கும் எழுதிக் கிடைத்த வடிவம் கிடையாது, ஒப்பிட்டு மீட்டெடுத்த வடிவம் என்பதற்கான அடையாளம் அது.

கண்ணி எங்கே இருக்கிறது தெரியுமா? லத்தீனிலேயே 'ஹபேரே' என்றொரு வினை இருக்கிறது. பொருள் என்ன? வைத்திரு! ஆங்கில ஹேவுக்கு அச்சுப் பிசகாத ஜோடி என்று யாருக்கும் தோன்றும். ஆனால் உறவில்லை. லத்தீன் 'ஹ' ஆங்கிலத்தில் 'ஹ' ஆகவே இருக்காது. அதற்கு நேராக வருவது 'க' அல்லது 'ய': லத்தீன் ஹோஸ்டிஸ், ஆங்கிலம் கெஸ்ட். லத்தீன் ஹோர்துஸ், ஆங்கிலம் யார்ட். அந்த வழியில் போனால் ஹபேரேவோடு பலர் இணைக்கும் ஆங்கிலச் சொல் 'கிவ்', கொடு. வைத்திரு என்பதும் கொடு என்பதும் ஒரே வேரில் முளைத்திருக்கின்றன. முகம் ஒத்துப்போகும் ஹேவும் ஹபேரேவும் அந்நியர்கள். முகச் சாடையே இல்லாத ஹேவும் கேஷும் உறவினர்கள். இந்தத் துறையில் என்னை முதலில் பிடித்து உட்காரவைத்த இடம் இதுதான்.

'*கப்' என்றதும் தமிழ் வாசகர் ஒருவருக்காவது "கப்புனு புடிச்சான்" நினைவுக்கு வரும். வரட்டும், ஆனால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று ஒலி கொண்ட குட்டி வேர்கள் உலகத்தின் எந்த இரண்டு மொழியிலும் தற்செயலாக ஒத்துப்போகும். கப்பென்று, லபக்கென்று போன்றவை ஒலிக்குறிப்புச் சொற்கள் வேறு. வரிசை எங்கே? தமிழ் 'க'வுக்கு லத்தீன் 'க' என்று இன்னும் பத்துச் சொல் நேருக்கு நேர் நிற்கிறதா? நிற்காது. தமிழ்ப் பற்று உள்ளவர்கள்தான் இந்த இடத்தில் அதிகக் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒலியொற்றுமையை மட்டும் வைத்து உலகச் சொல்லெல்லாம் தமிழ் என்று நிறுவப் போனால், காசிலிருந்து உண்மையாகவே போன கேஷையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இந்தக் கண்டிப்புதான் தமிழைக் காப்பாற்றியது. தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதத்தின் கிளைகள் என்று ஐரோப்பிய அறிஞர்கள் நினைத்திருந்த காலத்தில், சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816இல் வேர்ச்சொற்களை அட்டவணை போட்டு, தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் தனிக் குடும்பம் என்று காட்டினார். கால்டுவெல் அதை விரித்து எழுதிய நூல் 1856இல் வந்தது, ராயபுரம் ஸ்டேஷன் திறந்த அதே ஆண்டு. இருவரும் பயன்படுத்தியது, மேலே ஹாலையும் பாலையும் வைத்துப் பார்த்த அதே ஒப்பீட்டைத்தான்.

நீங்களே ஒன்று செய்து பார்க்க

சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைத் திறந்தால் அது போர்த்துக்கீசியச் சொல் என்று குறிப்பு இருக்கும். இந்த அகராதி இணையத்திலும் கிடைக்கிறது. போர்த்துக்கீசியத்தில் சாவிக்கு 'ஷாவெ', லத்தீனில் 'க்ளாவிஸ்'. 'க்ளா' எப்படி 'ஷா' ஆகும் என்று சந்தேகம் வர வேண்டும். வந்தால் நல்லது. வரிசையைத் தேடுங்கள்: கூப்பிடு என்பதற்கு லத்தீன் க்ளாமாரே, போர்த்துக்கீசியம் ஷமார். மழைக்கு லத்தீன் ப்ளுவியா, போர்த்துக்கீசியம் ஷுவா. தீச்சுடருக்கு லத்தீன் ஃப்ளம்மா, போர்த்துக்கீசியம் ஷமா. 'க்', 'ப்', 'ஃப்' இவற்றோடு 'ள' சேர்ந்து சொல்லின் முதலில் வரும் இந்தச் சொற்களில் அவர்களிடம் அது 'ஷ' ஆகியிருக்கிறது. வரிசை நிற்கிறது. வரலாறும் நிற்கிறது, 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் இந்தக் கரையில் இருந்தார்கள். பொருளில் மாற்றமே இல்லை. மூன்றும் பொருந்துவதால் இதை ஏற்கலாம்.

அடுத்து ஜன்னல், மேசை, அலமாரி மூன்றையும் இதே வழியில் தேடிப் பாருங்கள். மூன்றும் போர்த்துக்கீசியம் வழியாக லத்தீனில் போய் முட்டும். மேசையில் மட்டும் ஓர் எழுத்து வழியில் காணாமல் போயிருக்கும். லத்தீனில் அது 'மென்ஸா'. அந்த 'ன்' எப்போது விழுந்தது, வேறு எந்தச் சொற்களில் விழுந்தது என்று கண்டுபிடிப்பது நல்ல பயிற்சி. 'மாதம்' என்பதற்கான லத்தீன் சொல்லையும் போர்த்துக்கீசியச் சொல்லையும் பக்கத்தில் வைத்துத் தொடங்கலாம்.